கராஜில் கிடக்கும் ராடும் ஒரு தவளை லூரும்

டாலஸ், அட்லாண்டா, ராலே போன்ற ஊர்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கராஜ் மூலையில் மீன்பிடி ராட் ஒன்று சாய்ந்து நிற்கும். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஒரு கோடை விடுமுறையில் வாங்கியது. புழுவைக் கோத்து நாலைந்து புளூகில் மீன் பிடித்ததோடு அதன் வேலை முடிந்திருக்கும். குடியிருப்புக்குப் பின்னால் உள்ள குளத்திலோ அரைமணி நேரத் தொலைவில் உள்ள ஏரியிலோ, அல்லி இலைகளின் நிழலில் லார்ஜ்மவுத் பாஸ் இரை பார்த்துக் காத்திருக்கிறது. புதிதாக ஒரு ராட் செட் வாங்காமல், இருப்பதை வைத்தே அந்த மீனை நீரின் மேற்பரப்பில் எப்படிப் பிடிப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

மேற்பரப்பு என்றதும் நினைவுக்கு வர வேண்டியது ஃப்ராக். உள்ளே காற்று மட்டும் உள்ள, அமுக்கினால் அமுங்குகிற மெத்தென்ற பிளாஸ்டிக் தவளை வடிவ லூர், அதாவது செயற்கை இரை, அது. பின்பக்கத்திலிருந்து வெளிவரும் இரட்டை முள் முதுகை ஒட்டி மேல்நோக்கி வளைந்திருக்கும். உடம்பின் இரு பக்கமும் முள்முனையை மறைத்துக்கொள்வதால் பாசி, இலை, குச்சி எதன் மேல் இழுத்தாலும் மாட்டாது. மீன் கவ்வும்போது உடம்பு அமுங்கும். முள் வெளியே தெரியும். ஒஹாயோவைச் சேர்ந்த ஸ்னாக் ப்ரூஃப் நிறுவனம் 1950களிலிருந்தே இவ்வகைத் தவளைகளைச் செய்துவந்தது. பந்தயப் பாஸ் மீனவர் டீன் ரோஹாஸ் வடிவமைத்த ஸ்ப்ரோ பிரான்ஸ்ஐ வந்த பிறகு ஃப்ராக் என்பது அமெரிக்கக் கடைகளில் தனி வரிசையாகவே ஆகிவிட்டது.

புதியவருக்கு இது சரிப்படாது, கனத்த ராடும் வேகமான ரீலும் இல்லாமல் ஃப்ராக் போடக்கூடாது என்று கடைகளில் சொல்வார்கள். பாதி உண்மை. அடர்ந்த பாசிப் படலத்துக்கு நடுவிலிருந்து மூன்று கிலோ மீனை இழுத்தெடுக்க அப்படிப்பட்ட ராட் வேண்டும்தான். ஆனால் தொடங்குபவர் அங்கேதான் தொடங்க வேண்டும் என்று யார் சொன்னது? ராடுக்கு ஏற்ற நீரைத் தேர்ந்தெடுத்தால் சாதாரண ராடே போதும். செலவழிக்க வேண்டியது ராடுக்கு இல்லை, மீன்பிடி நரம்புக்கு. முள் மாட்டாத ஒரே காரணத்துக்காகவே புதியவருக்கு இதைவிட நல்ல லூர் கிடையாது. கரையோரச் செடிகளில் சிக்கி லூர்களைப் பறிகொடுத்து மனம் வெறுத்துப்போனவர்கள் ஃப்ராக் போட்ட முதல் நாளிலேயே வித்தியாசத்தை உணர்வார்கள்.

லார்ஜ்மவுத் பாஸின் உலக சாதனை 22 பவுண்டு 4 அவுன்ஸ், ஏறக்குறைய 10 கிலோ. 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அதைச் சமன் செய்தார். இன்றுவரை இருவர் பெயரும் சேர்ந்தே நிற்கின்றன. பெர்ரியும் அவருடைய நண்பரும் அன்று ஒரே ராடையும் ஒரே லூரையும் மாற்றி மாற்றி வீசிக்கொண்டிருந்தார்கள் என்றே அந்தக் கதை சொல்லப்பட்டு வருகிறது. அது ஃப்ராக் அல்ல, வேறு லூர். ஆனாலும் சாமான் குறைவு என்று தயங்குபவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய கதை.

ராடில் என்ன எழுதியிருக்கிறது?

முதல் வேலை, கராஜிலிருந்து ராடை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கைப்பிடிக்குச் சற்று மேலே பார்ப்பது. அங்கே சின்ன எழுத்தில் ஒரு வரி அச்சிட்டிருக்கும்: நீளம், வலு, எத்தனை பவுண்டு நரம்பு, எத்தனை அவுன்ஸ் லூர். தேய்ந்துபோயிருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்க்கலாம். முடிவு செய்ய அந்த வரி ஒன்றே போதும்.

ஆறரை முதல் ஏழடி நீளம், மீடியம் ஹெவி, லூர் எடை கால் முதல் ஒரு அவுன்ஸ் என்று இருந்தால் கவலையே வேண்டாம். ஜிக் போடவும் பிளாஸ்டிக் புழு போடவும் பலர் வாங்கும் ராட் இது. அரை அவுன்ஸ், அதாவது 14 கிராம் எடையுள்ள வழக்கமான ஃப்ராக்கை இதில் தாராளமாக வீசலாம். பெய்ட்காஸ்டர் ரீல் மாட்டியிருந்தால் இன்னும் நல்லது.

மீடியம் என்று மட்டும் எழுதிய ஸ்பின்னிங் ராட்தான் பெரும்பாலான வீடுகளில் இருக்கும். இதற்குச் சின்ன ஃப்ராக்கே பொருத்தம். பூயா நிறுவனத்தின் பேட் கிராஷர் ஜூனியர் இரண்டு அங்குல நீளம், கால் அவுன்ஸ் எடை. இந்த ராடுகளுக்கென்றே அளவெடுத்துச் செய்தது மாதிரி இருக்கும். சின்ன லூர் என்பதால் சின்ன மீன்தான் கடிக்கும் என்று நினைக்கத் தேவையில்லை. ஆட்கள் அதிகம் வந்துபோகும் குளங்களில், பெரிய தவளைகளைப் பார்த்துப் பார்த்து எச்சரிக்கையாகிவிட்ட மீன்கள் இதைத்தான் எடுக்கின்றன.

லைட், அல்ட்ராலைட் என்று இருந்தால் அதை ஃப்ராக்குக்குக் கொண்டுவர வேண்டாம். அந்த ராட் மீனை அடக்காது. முள் பதியும் அளவுக்கு அதில் விசையும் இல்லை. அது புளூகிலுக்கே இருக்கட்டும். கேட்ஃபிஷுக்கு என்று எட்டடி ராட் வைத்திருப்பவர்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கை வலிக்கும், மீன் வரும்.

இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். ராடின் வளையங்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் கொஞ்சம் பஞ்சை விட்டுச் சுழற்றினால் எங்காவது நூல் பிரிந்து மாட்டுகிறதா என்று தெரியும். மாட்டினால் அந்த வளையத்தில் கீறல் இருக்கிறது. சாதாரண நரம்பு அதைக் கொஞ்ச நாள் தாங்கிக்கொள்ளும். அடுத்துச் சுற்றப்போகும் பிரெய்டு தாங்காது.

நரம்பை மாற்றுவது

ராடோடு வந்த பழைய நைலான் நரம்பு வேண்டவே வேண்டாம். அது இழுத்தால் நீளும். இருபது கஜத் தூரத்தில் மீன் கவ்வும்போது ராடை எவ்வளவு வேகமாக உயர்த்தினாலும் அதில் பாதி அந்த நீட்சியிலேயே போய்விடும்; இரண்டு தடித்த முட்கள் மீனின் கெட்டியான வாயில் ஏறாது. ஃபுளூரோகார்பன் நரம்போ நீரில் மூழ்கி ஃப்ராக்கின் மூக்கைக் கீழே இழுக்கும். பிரெய்டு என்னும் பின்னல் நரம்பு நீளாது, மிதக்கும், இலைக்காம்புகளை அறுத்துக்கொண்டு வரும். ஃப்ராக்குக்கு வேறு நரம்பைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

மீடியம் ஹெவி ராடுக்கு 50 பவுண்டு பிரெய்டு, ஸ்பின்னிங் ராடுக்கு 30 பவுண்டு. எண்ணைக் கேட்டு மலைக்க வேண்டாம். பவர்ப்ரோ உறையில் போட்டிருக்கும் கணக்குப்படி 30 பவுண்டு பிரெய்டின் தடிமன் 8 பவுண்டு நைலான் அளவுதான். 50 பவுண்டுடையது 12 பவுண்டு நைலான் அளவு. அதனால் ரீல் பழையதாக இருந்தாலும் கொள்ளும். ராடில் எழுதிய நரம்பு அளவை மீறுகிறோமே என்ற சந்தேகம் வரும். உடைப்பது நரம்பின் எண் அல்ல, இழுக்கும் கை. ரீலில் நரம்பை நழுவவிடும் ட்ராகை முழுக்க இறுக்காமல், பலமாக இழுத்தால் மட்டும் கொஞ்சம் நழுவுகிற மாதிரி வைத்துவிட்டால் ராடுக்கு ஆபத்து இல்லை. படகில் வந்து பந்தயம் ஆடுபவர்கள் ட்ராகைப் பூட்டிவிடுவார்கள்; அவர்களுடைய ராட் அதற்கென்றே செய்தது.

சுற்றும்போது ஒரு நுட்பம் உண்டு. வழவழப்பான ஸ்பூலில் பிரெய்டை நேராகக் கட்டினால் மொத்தச் சுற்றும் அப்படியே வழுக்கிச் சுழலும். ரீல் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. முதலில் இருபது கஜம் பழைய நைலானைச் சுற்றி, அதன் மேல் பிரெய்டை இணைத்துவிட்டால் பிடிப்பு கிடைக்கும். விலை அதிகமான பிரெய்டும் மிச்சமாகும். நனைந்த துணிக்கு இடையில் நரம்பைப் பிடித்துக்கொண்டு இறுக்கமாகச் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றினால் பெரிய மீன் இழுக்கும்போது மேல்சுற்று அடிச்சுற்றுக்குள் புதைந்துகொள்ளும்.

ஃப்ராக்கை நரம்பில் நேராகக் கட்ட வேண்டும். லீடர், ஸ்னாப் எதுவும் கூடாது. பாசி அவற்றில்தான் சேரும். பாலமர் முடிச்சு பிரெய்டில் வழுக்காது, கற்றுக்கொள்ளவும் எளிது: நரம்பை இரண்டாக மடித்து வளையத்தில் நுழைத்து, தளர்வாக ஒரு முடிச்சு போட்டு, அந்தக் கண்ணி வழியாக முழு ஃப்ராக்கையும் விட்டு எடுத்து, எச்சிலால் நனைத்து இறுக்குவது. எந்தக் காரணத்துக்காகவும் பிரெய்டை வெறுங்கையில் சுற்றி இழுக்கக்கூடாது. விரலைச் சதை வரை அறுத்துவிடும். எங்காவது மாட்டிக்கொண்டால் ஒரு குச்சியில் சுற்றி இழுப்பதே முறை.

சாப்பாட்டு மேசையில் அரைமணி நேரம்

பெட்டியிலிருந்து எடுத்த ஃப்ராக்கை அப்படியே தண்ணீரில் போடுபவர்கள்தான் அதிகம். கொஞ்சம் வேலை செய்தால் அதன் குணமே மாறும்.

முதலில் உடம்பை விரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும். கல் மாதிரி கெட்டியாக இருந்தால் சூடான நீரில் சிறிது நேரம் போட்டு, எடுத்துப் பிசைந்துவிட்டால் இளகும். அடுத்தது முள். தொழிற்சாலையிலிருந்து வரும்போது இரண்டு முனைகளும் உடம்போடு அழுந்தியிருக்கும். குறடால் ஒவ்வொரு முள்ளையும் மிகச் சிறிதளவு வெளிப்பக்கமாகவும் மேலாகவும் வளைத்தால் போதும். விரலை முதுகின் மேல் தலையிலிருந்து வால் பக்கம் ஓட்டினால் முனை குத்தக்கூடாது; அமுக்கினால் குத்த வேண்டும். அதுதான் அளவு. கூடுதலாக வளைத்துவிட்டால் பாசி மாட்டத் தொடங்கிவிடும், ஃப்ராக்கின் பெருமையே போய்விடும்.

பிறகு கத்தரிக்கோல். ரப்பர் இழைகளால் ஆன கால்கள் கடையில் நீளமாகத் தொங்குவது பார்வைக்கு அழகு. ஆனால் நீளமான கால் நீரில் இழுபட்டு ஃப்ராக்கைத் திரும்பவிடாது. சின்ன மீன்களும் காலை மட்டும் கடித்துவிட்டுப் போகும். கால் அங்குலம், கால் அங்குலமாக வெட்டி, குளியல் தொட்டியிலோ வாளியிலோ போட்டு இழுத்துப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். மொத்தம் ஓர் அங்குலம் அளவுக்குக் குறைத்ததும் ஃப்ராக் தலையை இடமும் வலமும் ஆட்டத் தொடங்குவது கண்ணுக்கே தெரியும். ஒரேயடியாக வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது.

எடை போதவில்லை, தூரம் போகவில்லை என்றால் முள்தண்டு வெளியே வரும் பின் ஓட்டை வழியாகச் சில சிறு இரும்புக் குண்டுகளை உள்ளே போடலாம். வீச்சு நீளும், உள்ளே சலசலக்கும், வால் பக்கம் சற்றுத் தாழ்ந்து உட்காரும். வால் தாழ்ந்தால் முள் மீனின் வாய்க்குள் முதலில் போகும் என்பது கூடுதல் லாபம். மூக்கருகே நரம்பு கட்டும் வளையத்தைச் சுற்றித் தண்ணீர் கசிகிறதா என்றும் பார்த்து, கசிந்தால் ஒரு சொட்டுப் பசை வைத்துவிட வேண்டும்.

நிறம் பற்றி நிறையப் பேச்சு உண்டு. மீன் கீழிருந்து பார்ப்பது வயிற்றைத்தான்; முதுகில் வரைந்த புள்ளியும் கோடும் வாங்குபவர் கண்ணுக்கு. கறுப்பு ஒன்று, வெள்ளை வயிறு ஒன்று என இரண்டு போதும். மேகமூட்டத்துக்கும் விடியலுக்கும் கறுப்பு, வெயிலுக்கும் தெளிந்த நீருக்கும் வெள்ளை. ஃப்ராக் ஒன்று பத்து டாலருக்கு முன்பின் இருக்கும்.

எந்த நீர், எந்த நேரம்

நீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 15, 16 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் ஃப்ராக் வேலை செய்யத் தொடங்கும். 70-ஐத் தாண்டினால் அதன் காலம். டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தாராளமாகப் போடலாம். வடக்கே மிச்சிகன் பக்கம் ஜூனுக்கு முன் அவசரப்பட வேண்டாம்.

ஃப்ராக் மீன்பிடிப்பின் புகழ்பெற்ற மேடை அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரி. டென்னசி ஆற்றின் குறுக்கே 1939-இல் கட்டி முடித்த அணையால் உருவான, ஏறத்தாழ 69,000 ஏக்கர் பரப்பு. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அங்கே ஹைட்ரில்லாவும் மில்ஃபாயிலும் மேலே வந்து படிந்து ஏக்கர் கணக்கில் பச்சைப் படலமாகிவிடும். நாடு முழுவதிலிருந்தும் ஃப்ராக்கோடு ஆட்கள் வருவார்கள். இந்த ஹைட்ரில்லாவுக்கு ஒரு பூர்விகம் உண்டு. நம்மூர்க் குளங்களிலும் இலங்கைக் குளங்களிலும் இயல்பாக வளரும் நீர்ப்பாசி அது. 1950களில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டு, ஃபுளோரிடாவின் டாம்பா பக்கக் கால்வாய்களில் போய்ச் சேர்ந்து, தென்மாநிலங்கள் முழுவதும் பரவிவிட்டது. அரசுத் துறைகளுக்குத் தலைவலி. பாஸுக்கோ கூரையும் நிழலும் இரையும் ஒரே இடத்தில்.

ஆனால் சாதாரண ராடோடு போகிறவர் அந்தப் படலத்தின் நடுவை விட்டுவிட வேண்டும். அங்கே மீன் கவ்வினால் அது ஒரு வாளிப் பாசியோடு சேர்ந்து கீழே இறங்கும். மீடியம் ராட் அதை எழுப்பாது. மீனும் பாவம், வாயில் முள்ளோடு போய்விடும். அதற்குப் பதில் படலம் முடிந்து திறந்த நீர் தொடங்கும் ஓரம், தனித்தனியாக நிற்கும் அல்லி இலைகள், கரையோரச் சம்புப் புதர், நீரின் மேல் தாழ்ந்த மரக்கிளை, படகுத்துறையின் அடிநிழல் ஆகியவை போதும். பச்சை மாவைத் தூவியதுபோல் மேலே மிதக்கும் பொடிப்பாசி பார்க்கத்தான் பயமுறுத்தும். அதற்கு வேர்ப்பிடிப்பு இல்லை, எந்த ராடும் அதிலிருந்து மீனை இழுத்துவிடும். குடியிருப்புக் குளங்களில் ஜூலைக்குப் பிறகு இது கரையோரம் ஒதுங்கி நிற்கும். மற்றவர்கள் லூர் போட முடியாது என்று ஒதுக்கிவிட்டுப் போகும் இடம். தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

காதையும் பயன்படுத்த வேண்டும். பாசிக்கு அடியிலிருந்து சப், சப் என்று சின்னச் சின்ன ஒலி வந்தால் புளூகில்கள் பூச்சி பொறுக்குகின்றன என்று பொருள். அவை இருக்கும் இடத்தில் பாஸ் இருக்கும். எந்தச் சத்தமும் இல்லாத அழகான இலைப் பரப்பைவிடச் சத்தம் வருகிற அசிங்கமான மூலை மேல்.

விடியலும் அந்தியும் நல்ல நேரம் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்லும், உண்மைதான். ஃப்ராக்குக்கு நடுப்பகலும் நல்ல நேரம் என்பதை அவை அவ்வளவாகச் சொல்வதில்லை. உச்சி வெயிலில் மீன் நிழல் தேடி இலைகளுக்கு அடியில் ஒடுங்கும். மற்ற லூர்கள் போக முடியாத அந்த இடத்துக்கு இது ஒன்றுதான் போகும்.

போவதற்கு முன் உரிமம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். டெக்சாஸில் 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் பொதுவாக உரிமம் வேண்டும். மாநிலப் பூங்காக்களின் கரையிலிருந்து பிடிக்க மட்டும் தேவையில்லை. அங்கே பொதுவிதிப்படி லார்ஜ்மவுத் 14 அங்குலத்துக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும். நாளொன்றுக்கு ஐந்துக்கு மேல் வைத்துக்கொள்ளக்கூடாது. சில ஏரிகளுக்குத் தனி விதி உண்டு என்பதால் போகும் ஏரியின் பெயரைப் போட்டு அந்த மாநில வனவிலங்குத் துறையின் அறிவிப்பைப் பார்ப்பது கட்டாயம். தென்மாநிலக் கரைகளில் காட்டன்மவுத் பாம்பும், ஃபுளோரிடா, லூசியானா பக்கம் முதலை இனமான அலிகேட்டரும் உண்டு. மேற்பரப்பில் துள்ளும் தவளையை அலிகேட்டர் பின்தொடர்ந்து வந்தால் லூரைச் சுருட்டிக்கொண்டு வேறு இடத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

வீசுவதும் பொறுப்பதும்

இலை மேலேயே வீச வேண்டாம். அதைத் தாண்டி மூன்று நான்கு அடி தள்ளி வீசி, இலை மேல் ஏற்றி, ஓரத்துக்குக் கொண்டுவந்து, நீரில் மெல்ல நழுவவிட வேண்டும். விழுந்ததும் இழுக்கக்கூடாது. அலைவளையம் அடங்கட்டும். பாஸ் பல நேரம் அந்த அமைதியில்தான் கவ்வும்.

திறந்த நீரில் ஃப்ராக்கை நடக்கவைப்பது தனிக் கலை, ஆனால் ஒரே மாலையில் பழகிவிடும். ராட் நுனி நீரைப் பார்த்துத் தாழ்ந்திருக்க, மணிக்கட்டால் மட்டும் சின்னதாக ஒரு சுண்டு. உடனே நரம்பைத் தளர்த்த வேண்டும். தளர்த்துவதில்தான் விஷயம் இருக்கிறது. தளர்ந்த நரம்பில் சுண்டினால் ஃப்ராக் தலையைத் திருப்பும். விறைத்த நரம்பில் சுண்டினால் நேராக வரும். சுண்டு, தளர்த்து, சுண்டு, தளர்த்து என்று தாளம் பிடிபட்டால் இடம், வலம், இடம் என்று ஒரே இடத்தில் நின்றபடியே அது ஆடும். இலைகளுக்கு நடுவே தட்டு அகலத்துக்கு ஒரு இடைவெளி கிடைத்தால் அதில் பத்து விநாடி ஆடவிட்டு நிறுத்த வேண்டும்.

இனி வருவதுதான் எல்லோரும் தடுமாறும் இடம். நீர் வெடிக்கும். அதுவரை அசையாமல் கிடந்த இலைப்பரப்பு கிழிந்து ஃப்ராக் காணாமல் போகும், அல்லது காற்றில் எகிறி ஓரடி தள்ளி விழும். பார்ப்பவரின் கை தன்னையறியாமல் ராடைத் தூக்கும். தூக்கினால் ஃப்ராக் மட்டும் முகத்தை நோக்கிப் பறந்து வரும். பாஸ் பல்லால் கடிப்பதில்லை. வாயை அகலத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. இடையில் இலையோ பாசியோ இருந்தால் முதல் உறிஞ்சலில் பாதிதான் உள்ளே போகும். ஆகவே கண்ணை நம்பக்கூடாது, கையை நம்ப வேண்டும். சத்தம் கேட்டதும் ராட் நுனியை மீன் பக்கமாகத் தாழ்த்தி, தளர்ந்த நரம்பைச் சுருட்டி, மீனின் கனம் கைக்கு வந்த பிறகு பலமாக மேலே அடிக்க வேண்டும். இதற்கெல்லாம் ஒரு விநாடி, மிஞ்சினால் இரண்டு. அடித்த பிறகு தயக்கம் கூடாது. மீனின் தலை மேல்நோக்கி இருக்கும்போதே நிறுத்தாமல் சுருட்டி இலைகளின் மேலேயே இழுத்துக்கொண்டு வர வேண்டும். கீழே இறங்க ஒரு கணம் விட்டாலும் அது காம்புகளைச் சுற்றிக்கொள்ளும். சுற்றிக்கொண்டால் ராடால் மல்லுக்கட்ட வேண்டாம். ராடை மீனுக்கு நேராக நீட்டி, விறைப்பைவிடாமல் மெதுவாக இழுத்தால் பல நேரம் பாசி அறுந்து வந்துவிடும். கரைக்கு வந்த மீனை ராடைச் செங்குத்தாக நிமிர்த்தித் தூக்குவதுதான் ராடுகள் உடைவதற்கு முதல் காரணம். குனிந்து கீழ்த்தாடையைப் பிடித்து எடுக்க வேண்டும்.

கவ்வல் தவறினால் உடனே ஃப்ராக்கை வெளியே எடுக்கக்கூடாது. அப்படியே கிடக்கட்டும், அதே மீன் திரும்பி வந்து எடுப்பது வழக்கமாக நடக்கும். வரவில்லையென்றால் அதே ஓட்டையில் மறுபடி ஒரு வீச்சு. அதற்கும் மசியவில்லையென்றால், இரண்டாவது ராட் கையில் இருப்பவர் எடை எதுவும் சேர்க்காத பிளாஸ்டிக் புழுவை அந்த இடத்தில் போட்டு மெல்ல மூழ்கவிடலாம். கோபத்தில் இருக்கும் பாஸ் அதை விடுவது அரிது. ஃப்ராக்கில் கவ்விய மீன் எல்லாம் கைக்கு வராது. வருடக்கணக்கில் இதையே தொழிலாகச் செய்பவர்களும் நல்ல பங்கை இழக்கிறார்கள். அதற்காக ராடைக் குறை சொல்லிப் புதியது வாங்க ஓடக்கூடாது. முள்முனையை நகத்தின் மேல் வைத்து இழுத்துப் பார்த்து, வழுக்கினால் அரத்தால் கூர்தீட்டுவது முதல் மருந்து.

மேரிலாந்து, வர்ஜீனியா பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. பொடோமக் ஆற்றிலும் அதன் கிளைகளிலும் இதே ஃப்ராக்கை நார்தர்ன் ஸ்நேக்ஹெட் அடிக்கும். நம் விராலின் நெருங்கிய உறவு. 2002-இல் மேரிலாந்தின் கிராஃப்டன் ஊர்க் குளமொன்றில் கண்டுபிடிக்கப்பட்டுப் பெரும் பரபரப்பானது, 2004-இல் பொடோமக்கில் தென்பட்டது. அயல் இனம் என்பதால் பிடித்ததைக் கொல்லும்படி மேரிலாந்து அரசு கேட்டுக்கொள்கிறது. உயிரோடு வைத்திருப்பதும் கொண்டுபோவதும் குற்றம். ஊரில் விராலுக்குத் தவளை கோத்த அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தக் கவ்வல் உடனே அடையாளம் தெரியும். விராலைப் போலவே இதற்கும் பல் உண்டு. தாடையை விரலால் பிடிக்கக்கூடாது, குறடு வேண்டும். குழம்புக்கு என்றால் பாஸைவிட இதுவே நல்ல மீன்.

பாஸைப் பெரும்பாலோர் திரும்ப விட்டுவிடுகிறார்கள். பாஸ் பந்தயங்களைத் தொடங்கிய ரே ஸ்காட் 1972-இல் பந்தய மீன்களை உயிரோடு விடும் முறையைக் கொண்டுவந்தார். அது சாதாரண மீனவர்களிடமும் பரவி நிலைத்துவிட்டது. வசந்தத்தில் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும் ஆண் பாஸ் எதைப் போட்டாலும் அடிக்கும். அதைப் பிடித்தால் பிடித்த இடத்திலேயே சில நொடிகளில் விட்டுவிட வேண்டும். தந்தை இல்லாத நேரத்தில் புளூகில்கள் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். படம் எடுக்க வேண்டுமென்றால் கேமராவை முதலில் தயாராக வைத்துக்கொண்டு, கையை நனைத்து, ஒரு கை தாடையிலும் மறு கை வயிற்றிலுமாகக் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும்.

வீடு திரும்பியதும் ஃப்ராக்கை அமுக்கி உள்ளே புகுந்த நீரை முழுவதும் வெளியேற்றி, நிழலில் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு பெட்டிக்குள் போனால் அடுத்த வாரமே முள் துருப்பிடித்திருக்கும். மென்மையான பிளாஸ்டிக் புழுக்களோடு ஒரே அறையில் வைத்தால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும், அதனால் தனி அறை. முடிச்சுக்கு மேல் இரண்டடி பிரெய்டை விரலுக்கு இடையில் ஓடவிட்டு, சொரசொரப்பு தெரிந்தால் வெட்டியெறிந்து மறுபடி கட்ட வேண்டும். ஒரு பருவம் முழுக்க இப்படி ஓரங்களில் பிடித்துப் பழகி, நடுப்பாசிக்குள் கவ்விய மீன்களை ராடால் எழுப்ப முடியவில்லை என்ற நிலை திரும்பத் திரும்ப வந்தால், அப்போது ஏழடிக்கு மேல் நீளமுள்ள ஹெவி ராட், கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஏழு முறைக்கு மேல் சுழலும் ரீல், 65 பவுண்டு பிரெய்டு ஆகியவற்றுக்குப் பணம் எடுத்து வைக்கலாம். பழைய ராடை அப்போதும் விற்க வேண்டாம்; கால் அவுன்ஸ் ஃப்ராக்குக்கு அதுவே பொருத்தம்.